நகரும் தரை: ஒரு கிற்றார் உருப்படியின் மெலடியையும் ஹார்மனியையும் பிரித்துக் கேட்கும் வழி

கிளிநொச்சியில் என்னிடம் கிற்றார் பழக வரும் பிள்ளைகள் பெரும்பாலும் இரண்டு வாசலால் இசைக்குள் வந்தவர்கள். சிலர் ஞாயிறு பூசையில் பாடகர் குழுவோடு இருந்து கோர்ட் (சேர்ந்து ஒலிக்கும் சில சுரங்களின் கூட்டு) அடித்துப் பழகியவர்கள். மற்றவர்கள் கோவிலில் தேவாரம் பாடி, பள்ளிக்கூடத்தில் கர்நாடக சங்கீதம் படித்தவர்கள். முதலாமவர்களுக்குக் கை ஓடும், கோர்ட்டின் பெயர் தெரியும், ஆனால் மேலே மெலடி என்ன செய்கிறது என்று கேட்டால் தடுமாறுவார்கள். இரண்டாமவர்கள் மெலடியைக் கேட்டவுடன் சுரம் சொல்லிவிடுவார்கள். கீழே பேஸ் (தடித்த கம்பிகளில் வரும் அடிக்குரல்) மாறியது மட்டும் அவர்கள் காதில் விழாது.

அது இயல்பானதுதான். நமக்குப் பழகிய சங்கீதத்தில் தரை அசைவதில்லை. சுருதிப்பெட்டியில் ச-வும் ப-வும் தொடக்கத்திலிருந்து முடிவு வரை ஒரே இடத்தில் நிற்கும், பாடுபவர் அதன் மேல் நடப்பார். கிற்றார் உருப்படியில் தரையும் நடக்கும். மெலடி ஒரு சுரத்தில் அப்படியே நின்றாலும், கீழே பேஸ் மாறினால் அந்தச் சுரத்தின் குணம் மாறிவிடும். ஒரு உருப்படியைப் பிரித்துப் பார்ப்பது என்றால், ஒவ்வொரு சுரமும் ஒலிக்கும் நேரத்தில் தரை எங்கே நிற்கிறது என்று கண்டுபிடிப்பதுதான். மற்றதெல்லாம் அதிலிருந்து வரும்.

இதற்கு நான் எப்போதும் எடுப்பது ‘ரொமான்ஸ்’. கிற்றார் பழகுகிற எவரும் ஒருமுறையாவது தொட்டுப் பார்க்கும் உருப்படி. இயற்றியவர் யார் என்ற வழக்கு இன்னும் தீரவில்லை. 1952 இல் வந்த ஒரு பிரெஞ்சுத் திரைப்படத்துக்கு ஸ்பானியக் கிற்றார் கலைஞர் நார்சிசோ யெபெஸ் இதை வாசித்த பிறகு உலகம் முழுவதும் பரவியது. வீதியில் இடம்பெயர்ந்து போகும்போது விமானத் தாக்குதலில் தாய் தகப்பனை இழந்த ஒரு சிறுமியின் கதை அந்தப் படம். இதை நான் வகுப்பில் சொல்வதில்லை. எங்கள் ஊரில் சொல்லாமலே சில பெரியவர்கள் கதவடியில் வந்து நின்று கேட்பார்கள்.

முதல் பாதி 16 கட்டம், இரண்டாம் பாதி 16 கட்டம். நொட்டேஷனில் (எழுதிய இசைத்தாளில்) இரண்டு செங்குத்துக் கோடுகளுக்கு நடுவில் உள்ளதைத்தான் கட்டம் என்கிறேன். ஒரு கட்டத்தில் மூன்று அடி, ஒவ்வொரு அடிக்குள்ளும் மூன்று தட்டு. கர்நாடக சங்கீதம் படித்தவர்கள் மூன்று எண்ணி, உள்ளே திஸ்ர நடை என்று பிடித்துக்கொள்ளலாம்.

தொடங்கும் முன்

ஒரு சதுரக்கோட்டுக் கொப்பி, பென்சில், கைப்பேசி போதும். கிற்றாரைச் சரியாகச் சுருதி சேர்த்துவிட்டு உட்காருங்கள். கச்சான் காற்று வீசும் மாதங்களில் தகரக் கூரைக்குக் கீழ் வைத்த கிற்றார் காலையில் ஒரு சுருதியிலும் மத்தியானத்தில் இன்னொன்றிலும் இருக்கும். சுருதி விலகிய கிற்றாரில் ஹார்மனியை (மெலடியின் கீழ் நகரும் கோர்ட்டுகளை) கேட்டுப் பழகினால் காது பிழையாகவே பழகும். இதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை.

மெலடியைத் தனியே எடுத்துப் பாடுங்கள்

முதலில் கிற்றாரைக் கீழே வையுங்கள். நொட்டேஷனில் சுரக்குறியின் காம்பு மேலே பார்க்கும் சுரங்கள் மேல்குரல், காம்பு கீழே பார்ப்பவை பேஸ். ரொமான்ஸில் ஒவ்வொரு அடியின் முதல் தட்டும் மெலடி, முழுவதும் முதல் கம்பியிலேயே வருகிறது (முதலாவது மிக மெல்லிய கம்பி, ஆறாவது மிகத் தடித்தது). நடுவிரலும் சுட்டுவிரலும் இரண்டாம், மூன்றாம் கம்பிகளில் நிரப்புகின்றன. பெருவிரல் கட்டத்தின் தொடக்கத்தில் பேஸைத் தட்டுகிறது. ஆக 9 தட்டுக்கு 3 சுரம்தான் மெலடி.

முதல் கம்பியை விரல் வைக்காமல் திறந்து விட்டால் வரும் ஈ-யை ச என்று வைத்துக்கொள்வோம். எஃப் ஷார்ப் ரி, ஜி க, ஏ ம, பி ப, சி த. டி வந்தால் கைசிகி (தாழ்ந்த) நிஷாதம், டி ஷார்ப் வந்தால் காகலி (உயர்ந்த) நிஷாதம். முதல் பாதியின் மெலடி இவ்வளவுதான்:

ப ப ப | ப ம க | க ரி ச | ச க ப

மேல்ச மேல்ச மேல்ச | மேல்ச நி த | த ப ம | ம ப த

ப த ப | காகலி நி த ப | ப ம க | க ரி ச

ரி ரி ரி | ரி க ரி | ச ச ச | ச

இதைக் கொப்பியில் வரிக்கு நான்கு கட்டமாக எழுதிப் பாடுங்கள். மாரி மழை தகரத்தில் அடிக்கும் நாட்களில் எங்கள் வகுப்பில் பேஸ் காதில் விழாது. அந்த நாட்களில் நாங்கள் பாடத்தான் செய்வோம். பாடும்போது கையில் தெரியாத பல விஷயம் தெரிய வரும். முதல் வரி ப-வில் தொடங்கி ச வரை இறங்கி, மறுபடி ப-வுக்கு ஏறுகிறது. இரண்டாம் வரி மேல் சட்ஜத்தைத் தொட்டுவிட்டு இறங்குகிறது. மூன்றாம் வரி மறுபடி மேலே போகப் பார்க்கிறது. 10ஆம் கட்டத்தில் காகலி நிஷாதம் வரை போய்விட்டது. மேல் சட்ஜத்துக்கு இன்னும் ஒரே ஒரு ஃபிரெட்தான் (கிற்றாரின் கழுத்தில் குறுக்கே உள்ள உலோகக் கோடு, ஒன்றுக்கு அரை சுரம்). எட்டவில்லை. அங்கிருந்து த-வுக்கு விழுந்து, கடைசி வரியில் கீழ் ச-வில் வந்து அடங்குகிறது. கோர்ட் ஒன்றும் தெரியாமலே உருப்படியின் கதை பாதி இதில் கிடைத்துவிட்டது.

பேஸை மட்டும் தட்டுங்கள்

இப்போது கிற்றாரை எடுத்து, கட்டத்துக்கு ஒருமுறை பெருவிரலால் பேஸை மட்டும் தட்டுங்கள். 1 முதல் 6 வரை ஆறாம் கம்பி திறந்தபடி, ச. 7, 8 ஐந்தாம் கம்பி திறந்தபடி, ம. 9, 10 ஆறாம் கம்பியில் 7ஆம் ஃபிரெட், ப. 11, 12 மறுபடி ச. 13, 14 ஐந்தாம் கம்பியில் 2ஆம் ஃபிரெட், மறுபடி ப. 15, 16 ச.

9 இலும் 13 இலும் வரும் ப ஒரே உயரம், கம்பிதான் வேறு. தடித்த கம்பியில் 7ஆம் ஃபிரெட்டில் அது கறுத்து ஒலிக்கும். ஐந்தாம் கம்பியில் தெளிந்து ஒலிக்கும். பேஸைத் தட்டிக்கொண்டே மெலடியைப் பாடினால் இந்த வேறுபாடு உங்களுக்குப் பயன்படும், பிறகு வருகிறேன்.

இதைக் கைப்பேசியில் பதிந்துவிட்டு, பேஸை மட்டும் ஒலிக்க விட்டு மேலே பாடிப் பாருங்கள். தேவாரம் பாடி வந்தவர்கள் 7ஆம் கட்டத்தில் தடுக்குவார்கள். கால் வைத்த படி திடீரென்று நகர்ந்தது போல இருக்கும். அந்தத் தடுக்கலை நன்றாகக் கவனியுங்கள், தரை நகர்ந்ததை உங்கள் காது முதல்முறை பிடிக்கும் இடம் அது.

கோர்ட்டுக்குப் பெயர் வையுங்கள்

பேஸோடு, நடுவில் நிரப்பும் இரண்டாம், மூன்றாம் கம்பிகளையும் சேர்த்துப் பாருங்கள். ச-வின் மேல் ப-வும் க-வும் இருந்தால் ச க ப, ஈ மைனர். 7, 8 இல் சுட்டுவிரலைக் குறுக்கே படுக்க வைத்து 5ஆம் ஃபிரெட்டைப் பிடிக்கிறோம். இரண்டாம் கம்பியில் ச, மூன்றாம் கம்பியில் த. பேஸில் ம. ஆக ம த ச, ஏ மைனர். 9, 10 இல் அதே விரல் 7ஆம் ஃபிரெட்டுக்குப் போகிறது. இரண்டாம் கம்பியில் ரி, மூன்றாம் கம்பியில் 8ஆம் ஃபிரெட்டில் காகலி நிஷாதம். பேஸில் ப. இது பி மேஜர். 13, 14 இல் மூன்றாம் கம்பியில் ம வருகிறது, ஆகவே பி செவன்.

கணக்குப் பார்த்தால் 16 கட்டத்தில் 10 ஈ மைனர், 4 பி, 2 ஏ மைனர். மூன்றே கோர்ட். இவ்வளவு பேரை அழ வைத்த உருப்படிக்குள் இவ்வளவுதான் சாமான்.

ஏன் ஈ மைனரில் இருக்கிறது என்றும் ஒருமுறை யோசியுங்கள். கிற்றாரின் ஆறாம், மூன்றாம், இரண்டாம், முதலாம் கம்பிகளைத் திறந்து விட்டால் ஈ, ஜி, பி, ஈ. அப்படியே ஈ மைனர். இடக்கை ஒரு விரலும் வைக்காமல் கோர்ட் ஒலித்துக்கொண்டிருக்கும், அதனால்தான் ஒரே ஒரு விரல் முதல் கம்பியில் 12ஆம் ஃபிரெட் வரை சுதந்திரமாக ஓட முடிகிறது. ஏ மைனருக்கு வேண்டிய பேஸும் ஐந்தாம் கம்பியில் திறந்தபடி காத்திருக்கிறது. இந்த உருப்படியை எழுதியவர் யாராக இருந்தாலும் கிற்றாரை மடியில் வைத்துக்கொண்டுதான் எழுதியிருக்க வேண்டும் என்பது என் முடிவு.

வெளியாட்களை வட்டமிடுங்கள்

வேலையின் நெஞ்சு இதுதான், அவசரப்பட வேண்டாம். ஒவ்வொரு கட்டத்திலும் மெலடியின் மூன்று சுரத்தையும் கோர்ட்டோடு ஒப்பிடுங்கள். கோர்ட்டுக்குள் இருக்கும் சுரம் வீட்டாள். இல்லாதது வெளியாள். வெளியாளைப் பென்சிலால் வட்டமிடுங்கள்.

2ஆம் கட்டத்தில் ப ம க. கோர்ட் ச க ப. ம-வுக்கு வட்டம். ப-விலிருந்து க-வுக்கு இறங்கும் வழியில் மிதித்த படி அது, கடந்துபோகும் சுரம். 9இல் ப த ப, கோர்ட் ப நி ரி. த-வுக்கு வட்டம். ஒரு சுரத்திலிருந்து பக்கத்து வீட்டுக்குப் போய்த் திரும்பியது, பக்கத்துச் சுரம். இப்படியே 16 கட்டமும் செய்தால் 11 வட்டம் விழும்.

இப்போது கொப்பியைச் சற்றுத் தள்ளி வைத்துப் பாருங்கள். 11 இல் 10 வட்டம் கட்டத்தின் நடு அடியில் இருக்கும். முதல் அடியில் ஒன்றுகூட இல்லை. மெலடி வீட்டிலிருந்து கிளம்பி, நடுவில் வெளியே போய், மூன்றாம் அடிக்குள் வீடு திரும்பிவிடுகிறது. இந்த ஒழுங்குதான் உருப்படிக்கு அந்த அமைதியைத் தருகிறது.

ஒழுங்கை மீறும் இடம் ஒன்றே ஒன்று, 6ஆம் கட்டம். மேல்ச நி த. கீழே கோர்ட் இன்னும் ஈ மைனர். நி வெளியாள், த-வும் வெளியாள். கட்டம் வெளியிலேயே முடிகிறது. அடுத்த கட்டத்தில் ஏ மைனர் வந்ததும் அதே த கோர்ட்டுக்குள் வீட்டாளாகிவிடுகிறது. மெலடி முதலில் போய் நின்றது, ஹார்மனி பின்னால் வந்து சேர்ந்தது. 6இன் கடைசி த-வையும் 7இன் முதல் த-வையும் மாறி மாறித் தட்டிக் கேளுங்கள். சுரம் ஒன்று, ஃபிரெட் ஒன்று. முதலாவது காற்றில் நிற்கிறது, இரண்டாவது தரையில் நிற்கிறது.

கர்நாடகக் காதுக்கு இன்னும் பெரிய ஆச்சரியம் 7, 8 இல் இருக்கிறது. அங்கே வட்டம் விழுவது ப-வுக்கு. சுருதிப்பெட்டியில் ச-வோடு சேர்ந்து அசையாமல் நிற்கும் பஞ்சமம் ஏ மைனரின் மேல் வெளியாள். த-வுக்கும் ம-வுக்கும் நடுவில் ஒரு அடி நின்றுவிட்டுப் போகிறது. முதல் கட்டத்தில் அதே ப கோர்ட்டின் அங்கம். 9ஆம் கட்டத்தில் அதே ப தரையாகவே ஆகிவிடுகிறது. முதல் கம்பியில் 7ஆம் ஃபிரெட்டை மட்டும் பிடித்துக்கொண்டு, பேஸை ச, ம, ப என்று மாற்றித் தட்டுங்கள். விரல் அசையவில்லை. ஆனால் மூன்று வெவ்வேறு சுரம் கேட்கும்.

இழுவை எங்கே உச்சம்?

5ஆம் கட்டம்தான் உயரமான இடம், முதல் கம்பியில் 12ஆம் ஃபிரெட். பெரும்பாலானோர் அதையே உச்சம் என்று நினைத்து அங்கே ஓங்கித் தட்டுவார்கள். நான் ஒத்துக்கொள்வதில்லை. அங்கே மெலடி ச, பேஸும் ச, கோர்ட் ஈ மைனர். உயரம் இருக்கிறது, இழுவை இல்லை. மலை ஏறி உட்கார்ந்த மாதிரி நிம்மதியான இடம் அது.

உண்மையான உச்சம் 10. இதைச் சொல்லும்போது ஒரு பிள்ளை நினைவுக்கு வருவாள். தேவாரம் நன்றாகப் பாடுவாள், கிற்றாருக்குப் புதிது. 10ஆம் கட்டத்தில் நிறுத்திக் கேட்டாள்:

“சேர், இது கீரவாணி மாதிரியெல்லோ கிடக்கு? முன்னுக்கு நடபைரவிதானே வந்தது?”

“ஓம் பிள்ளை. எதிலை மாறினது எண்டு சொல்லு பாப்பம்.”

“பத்தாவதிலை. நி மேலை போட்டுது.”

அவள் சொன்னது சரி. 6ஆம் கட்டத்தில் வந்தது கைசிகி நிஷாதம், 20ஆவது மேளமான (தாய்ச் சுரவரிசையான) நடபைரவியின் நி. 10இல் வருவது காகலி, 21ஆவதான கீரவாணியின் நி. மற்ற ஆறு சுரமும் இரண்டுக்கும் ஒன்றுதான். (கமகமில்லாத வெறும் சுரவரிசையைத்தான் சொல்கிறேன், ராகத்தை அல்ல.) ஆனால் அவளை 9ஆம் கட்டத்துக்குக் கூட்டிப்போய், மூன்றாம் கம்பியை மட்டும் தட்டச் சொன்னேன். 8ஆம் ஃபிரெட். அவள் தட்டினாள், பாடிப் பார்த்தாள், மறுபடி தட்டினாள். காகலி நிஷாதம். மெலடி ப த ப என்று போய்க்கொண்டிருந்தபோதே உள்ளே அது வந்து உட்கார்ந்துவிட்டது. அவள் கை ஒரு கட்டத்துக்கு முன்பே அதைப் பிடித்திருந்தது, காதுதான் மெலடியைப் பார்த்துக்கொண்டிருந்தது.

6இல் மெலடி முந்தியது. 9இல் ஹார்மனி முந்துகிறது. 10இல் மெலடி அதே நிஷாதத்தை எடுக்கிறது, மேல் சட்ஜத்தைக் கேட்கிறது, கிடைக்காமல் மூன்று ஃபிரெட் தாண்டித் த-வுக்கு விழுகிறது. அந்த த-வும் வெளியாள், பேஸின் ப-வை அரை சுரத்தில் உரசிக்கொண்டு நிற்பது. பேஸும் அந்தக் கறுத்த ஆறாம் கம்பியில். சுண்டுவிரலை 11ஆம் ஃபிரெட்டுக்கு நீட்ட வேண்டிய வலியும் அங்கேதான். எல்லாம் ஒரே கட்டத்தில் சேர்கிறது.

இதோடு 13, 14ஐ ஒப்பிடுங்கள். அதுவும் பிதான், ஆனால் ஏன் அவ்வளவு குத்தவில்லை? பி செவன் வடிவத்தைப் பிடிக்கும்போது நான்காம் கம்பியில் 1ஆம் ஃபிரெட்டில் காகலி நிஷாதத்தின் மேல் ஒரு விரல் இருக்கிறது. வலக்கை நான்காம் கம்பியைத் தட்டுவதே இல்லை. ஒலிப்பவை ப, ரி, ம மட்டும். குத்தும் சுரத்தை விரல் மூடி வைத்திருக்கிறது. பேஸும் தெளிந்த ஐந்தாம் கம்பிக்கு வந்துவிட்டது. அதனால் கடைசி வரி வீடு திரும்புகிறதே தவிர மன்றாடுவதில்லை.

கைக்குக் கொண்டுவருவது

வாசிப்பில் மாறாவிட்டால் கொப்பியில் வட்டம் போட்டு என்ன பயன்? நான் கேட்பது நான்கு மாற்றம். 5ஐ ஓங்காமல், திறந்து பாட விடுங்கள். 6இன் கடைசி த-வைச் சற்று நீட்டி, 7இன் பேஸ் அதை வந்து தாங்கட்டும். 9இல் மூன்றாம் கம்பியைத் தட்டும் சுட்டுவிரலுக்குக் கொஞ்சம் பாரம் கொடுங்கள், வழக்கமாக அது ஒளிந்திருக்கும் குரல். 10இல் முழு எடை. அப்புறம் 11இலிருந்து மெல்ல விட்டுவிடுங்கள்.

வேறு உருப்படிக்கும் இதே வரிசைதான், ஆனால் மெலடி எப்போதும் முதல் கம்பியில் இப்படி வசதியாக வந்து நிற்காது. ஃபெர்னாண்டோ சோர் (1778–1839), மத்தேயோ கார்காசி (1792–1853) ஆகிய பழைய கிற்றார் இசையமைப்பாளர்களின் பயிற்சிகளில் அது நடுக்குரலுக்குள் போகும், சில இடத்தில் பேஸுக்கே இறங்கும். காம்பின் திசையைப் பார்த்துப் பின்தொடருங்கள். இரண்டு குரல் மட்டும் உள்ள இடத்தில் கோர்ட் முழுதாக இராது. பேஸையும், முன்பின் கட்டங்களையும் வைத்து ஊகிக்க வேண்டும்.

ரொமான்ஸின் இரண்டாம் பாதியை உங்களுக்கே விட்டுவிடுகிறேன். தரை அதே ஈதான், ஆனால் இப்போது ஈ மேஜர், நொட்டேஷனில் நான்கு ஷார்ப். இதுவரை க என்று பாடிய சாதாரண காந்தாரம் போய், ஒரு ஃபிரெட் உயர்ந்த அந்தர காந்தாரம் வருகிறது, சங்கராபரணத்தின் வெளிச்சம். 17ஆம் கட்டத்தை மட்டும் சேர்ந்து பார்ப்போம். மெலடி முதல் கம்பியில் 4ஆம் ஃபிரெட், அந்தர காந்தாரம். மூன்றாம் கம்பியில் 1ஆம் ஃபிரெட், அதுவும் அந்தர காந்தாரம். முதல் பாதியில் ஒருமுறை மெலடி முந்தியது, ஒருமுறை ஹார்மனி முந்தியது. இங்கே இரண்டும் ஒரே அடியில், ஒரே காந்தாரத்தில் சேர்ந்து காலெடுத்து வைக்கின்றன. அந்த முதல் அடியில் இரண்டு கம்பியையும் தனித்தனியே பாடிப் பார்த்துவிட்டு, பிறகு வாசியுங்கள்.